பரண் பெட்டி: இந்த இதழ் முழுக்க முடி

(வேலூர் லாங்கு பஜார் பக்கம் படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை வைத்திருப்பவர், பழைய சாமான்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பகுதி.)

போன இதழில் பழைய படங்களின் பின்பலகையைப் பற்றி எழுதும்போது, 'மனித முடியில் பூ செய்து சட்டம் போட்டதைக்கூடப் பார்த்திருக்கிறேன்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். மற்றதை எல்லாம் விட்டுவிட்டு எல்லாரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டீர்கள். சரி, இந்த இதழ் முழுக்க முடிதான். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

*

என் பாட்டியின் அம்மா ராணிப்பேட்டையில் அமெரிக்க மிஷன் பங்களாவில் ஆயாவாக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஆழமான மரச் சட்டம் ஒன்று கிடைத்தது. உள்ளே லாட வடிவத்தில் ஒரு மாலை. பூ, இலை, மொட்டு எல்லாம் பழுப்பு, பொன், நரை நிறங்களில். பட்டு நூல் என்றுதான் நினைத்தோம். மருமகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "அத்தை, இது முடி" என்றாள். அன்றிலிருந்து யாரும் அந்த அறைப் பக்கம் போவதில்லை. செத்தவர்கள் முடியா? வீட்டில் வைத்திருக்கலாமா?
— வாசகி, ராணிப்பேட்டை

தாராளமாக வைத்திருக்கலாம் அம்மா. அந்த அறைக்குள் போங்கள்.

முடி மாலை என்றாலே சாவு என்று நினைத்துவிடுகிறோம். பாதிதான் உண்மை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது வீட்டுப் பெண்களின் கைவேலை. உயிரோடு இருக்கிற அண்ணன் தம்பி, பிள்ளைகள், பள்ளித் தோழிகள், ஒரே சபைக்காரர்கள் என்று ஆளுக்கு ஒரு கொத்து கொடுப்பார்கள். இறந்தவர் முடியும் அதில் சேரும். உங்கள் மாலையில் மூன்று நான்கு நிறம் இருப்பதைப் பார்த்தால், ஒரு ஆளுடையது இல்லை, பலருடையது என்றுதான் தோன்றுகிறது. புகைப்படம் எல்லார் கைக்கும் வராத காலம். குடும்பம் முழுவதையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர அவர்களுக்கு இதுதான் வழி.

செய்முறை நம் வீட்டில் பூக்கட்டுவதற்குச் சொந்தக்காரன் மாதிரி. கொஞ்சம் முடியை எடுத்து, சோடா உப்புக் கரைத்த நீரில் கொதிக்கவைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பார்கள். காய்ந்ததும் பின்னல் ஊசி ஒன்றின் மேல் வளையம் வளையமாகச் சுற்றி, ஒவ்வொரு வளையத்தையும் அடியில் மெல்லிய கம்பியால் முறுக்கிப் பிடிப்பார்கள். ஊசியை உருவினால் வளையங்கள் வரிசையாக நிற்கும். அந்தக் கம்பியை வளைத்தால் இதழ். இதழ்களைச் சேர்த்தால் பூ. நடுவில் ஒரு மணியோ பொத்தானோ வைப்பதும் உண்டு. லாடத்தின் வாய் மேலே பார்த்து இருக்கும்படிதான் பெரும்பாலும் மாட்டுவார்கள். அதிர்ஷ்டம் சிந்திவிடாமல் இருக்க என்பார் ஒருவர், சொர்க்கத்தைப் பார்த்தபடி இருக்க என்பார் இன்னொருவர். எதுவானாலும் தலைகீழாக மாட்டிவிடாதீர்கள்.

அமெரிக்கப் பங்களா என்று நீங்கள் எழுதியதும் எனக்குக் காது நிமிர்ந்தது. ஸ்கடர் சகோதரர்கள் நம் பக்கத்தில் ஆற்காடு மிஷனைத் தொடங்கியது 1853இல். அவர்கள் ஊரில் இந்த முடி வேலை உச்சத்தில் இருந்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். பெண்கள் பத்திரிகைகளில் மாதிரிகள் வந்தன. 1867இல் மார்க் கேம்ப்பெல் என்பவர் வீட்டிலேயே கற்றுக்கொள்ள ஒரு முழுப் புத்தகமே போட்டார். ஆகவே காலமும் இடமும் பொருந்துகின்றன. அதற்காக உங்கள் சட்டம் இன்ன துரைசாணி வீட்டுடையது என்று நான் சொல்லிவிட மாட்டேன். சட்டத்தைத் திருப்பிப் பாருங்கள். அதுதான் சாட்சி. பின்பலகையில் பென்சில் எழுத்து இருக்கலாம், செய்தித்தாள் ஒட்டியிருக்கலாம். அழுக்கு என்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அதில் தேதி இருந்தால் அந்தப் பலகையை எப்போது அடித்தார்கள் என்று ஓரளவுக்குத் தெரியும்.

உள்ளே எதையும் தொட வேண்டாம். கண்ணாடியைக் கழற்றவும் வேண்டாம். முடி சீக்கிரம் கெடாது, ஆனால் அதைப் பிடித்திருக்கும் கம்பி துருப்பிடிக்கும். லேசாக அசைத்தாலே இதழ் கழன்று கீழே விழும். ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். நம் ஊர்க் கத்தரி வெயில் கறுப்பு முடியைச் செம்பட்டையாக்கிவிடும். ஐப்பசி மழையில் ஈரம் ஊறுகிற வெளிச்சுவரும் கூடாது, சமையல்கட்டும் கூடாது. நடு அறையின் உட்சுவர்தான் சரி.

இன்னொன்று. மிசௌரி மாநிலத்தில் இன்டிபெண்டன்ஸ் என்ற ஊரில் லீலா கோஹூன் என்ற சிகை அலங்காரக் கலைஞர் இருந்தார். 1956இல் ஈஸ்டருக்குக் காலணி வாங்கப் போனவர், வழியில் ஒரு பழைய சாமான் கடையில் இப்படி ஒரு முடி மாலையைப் பார்த்து, காலணிக்கு வைத்திருந்த பணத்தை அங்கே கொடுத்துவிட்டு வந்தார். அப்படிச் சேர்த்துச் சேர்த்து நூற்றுக்கணக்கான மாலைகளோடு ஒரு அருங்காட்சியகமே நடத்தினார். உங்கள் மருமகளிடம் இதைச் சொல்லுங்கள்.

*

எங்கள் அத்தை பல வருடங்களுக்கு முன் இங்கே ரயில்வே காலனியில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று ஊரைவிட்டுப் போகும்போது வாங்கிய புரோச் ஒன்று என்னிடம் இருக்கிறது. சுற்றிலும் கறுப்பு எனாமல், சின்னச் சின்ன முத்து. நடுவில் கண்ணாடிக்குக் கீழே பாய் முடைந்தது போல் முடி. பத்தர், "பொன் கம்மிதான், உருக்கிடலாம்" என்கிறார். மங்கலாக இருக்கிறது, பூந்திக்கொட்டை நீரில் கழுவலாமா?
— வாசகி, ஜோலார்பேட்டை

கழுவவே கூடாது. கண்ணாடிக்கு அடியில் முடியைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். ஓரத்தில் நீர் இறங்கினால் பசை இளகி, உள்ளே பாசி பிடித்து, அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. உலர்ந்த மெல்லிய துணியால் மேலே துடையுங்கள். போதும்.

உங்களுடையது துக்க நகையாகத்தான் இருக்க வேண்டும். கறுப்பு எனாமல் துக்கத்துக்கு. வெள்ளை எனாமல் பெரும்பாலும் குழந்தைக்கோ மணமாகாதவருக்கோ. சின்ன முத்துக்கள் கண்ணீருக்கு. அழுதாற்போல் சாய்ந்த வில்லோ மரமும் சாம்பல் கலசமும் வரைந்திருப்பார்கள் சிலவற்றில். இந்த வழக்கம் பழையது. இங்கிலாந்தில் 1649இல் முதலாம் சார்லஸ் அரசரின் தலையை வெட்டியபின் அவருடைய ஆதரவாளர்கள் அவர் முடியை மோதிரத்தில் வைத்து அணிந்தார்கள். ஆனால் அதை ஊர் முழுக்கப் பரப்பியது விக்டோரியா ராணி. 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்ததும் அவர் முடியை லாக்கெட்டில் வைத்துக்கொண்டு, 1901இல் தான் கண்மூடும் வரை கறுப்பு உடையை மாற்றவில்லை. ராணி கட்டினால் ஊரும் கட்டும் அல்லவா.

பின்பக்கத்தையும் விளிம்பையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பெயரின் முதலெழுத்துகளும் இறந்த தேதியும் செதுக்கும் வழக்கம் உண்டு. பத்தருக்குப் பொன் மட்டும்தான் கண்ணில் படும். அது அவர் தொழில், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உருக்கக் கொடுக்காதீர்கள்.

*

அம்மா போனபின் பீரோவில் அவருடைய சவுரி இருந்தது. இளவயதில் உதிர்ந்த தன் முடியையே சேர்த்துவைத்துக் கட்டச் சொன்னது, மூன்று கால் சவுரி. எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் பூச்சி அரித்தது போல் பொடிப்பொடியாக விழுகிறது. என் மனைவி, "செத்தவங்க முடி வீட்டுல இருந்தா தரித்திரம், ஆத்துல விடுங்க" என்கிறாள். எனக்கு மனம் வரவில்லை. இதில் ஏதாவது செய்து என் மகளுக்குக் கொடுக்க முடியுமா?
— நெசவாளர், குடியாத்தம்

எனக்கு வந்த கடிதங்களில் இதைத்தான் பலமுறை படித்தேன்.

முதலில் வீட்டம்மாவுக்கு. உதிர்ந்த முடி வீட்டுக்குள் கிடக்கக் கூடாது என்பது சரி. சோற்றில் விழும், காலில் சுற்றும். அதனால்தான் சீவியதும் சுருட்டி ஓட்டு இடுக்கில் செருகிவைத்து, சிக்குமுடிக்காரர் வந்தால் போட்டுவிட்டு ஊசியோ கிண்ணமோ வாங்கினார்கள். சவுரி அந்தக் கணக்கில் சேராது. கல்யாணத்துக்கும் காப்புக்கட்டுக்கும் அதை வைத்துப் பின்னி, குஞ்சலம் கட்டி, மேலே மல்லிகை சுற்றியவர்கள் நாம். உங்கள் அம்மா எந்தெந்த மணமேடையில் அதை வைத்துக்கொண்டு நின்றாரோ! அன்று மங்கலம், இன்று தரித்திரமா? ஆற்றில் விடச் சொல்கிறார், கவுண்டன்ய ஆற்றில் தண்ணீர் வருகிற வருஷமாகப் பார்த்து விட வேண்டும் என்பது வேறு விஷயம்.

அடுத்தது பூச்சி. முடி என்பது கெராட்டின். நகமும் மாட்டுக் கொம்பும் அதேதான். அழுகாது, ஆனால் அதைத் தின்பதற்கென்றே அந்துப்பூச்சியின் புழுவும், கம்பள வண்டு எனப்படும் பொடி வண்டின் ரோமப் புழுவும் இருக்கின்றன. தேங்காய் எண்ணெய் ஊறிய சவுரி என்றால் இன்னும் பிரியம். முதலில் பழைய வேட்டித் துணியில் சுற்றி, அதைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரில் போட்டு, பிரிஜ்ஜின் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். அருங்காட்சியகங்களில் கம்பளிக்கும் தோலுக்கும் செய்கிற வைத்தியம் இது. (ஜோலார்பேட்டை அம்மா புரோச்சுக்கு இதைச் செய்ய வேண்டாம்.) எடுத்ததும் கவரைப் பிரிக்காமல் ஒரு நாள் வெளியே விடுங்கள். உடனே பிரித்தால் சவுரி வியர்த்துப் போகும். ஃப்ரீசரில் மாமியார் சவுரி இருப்பதை மனைவியிடம் எப்படிச் சொல்வீர்கள் என்பது உங்கள் சாமர்த்தியம்.

அப்புறம் கழுவலாம். இதில் பசை இல்லை. பச்சைத் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு. பிழியாமல் நிழலில் காயவைத்து, நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுங்கள். கஞ்சி போடாத பருத்தித் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள். கஞ்சிக்கு வெள்ளிமீன் பூச்சி வரும். பச்சை வேப்பிலை வேண்டாம், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

மகளுக்கு என்ன செய்யலாம் என்கிறீர்கள். நீங்கள் நெசவாளர் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். ஸ்வீடனில் டாலர்னா பகுதியில் வோம்ஹூஸ் என்று ஒரு சிற்றூர். பிழைப்புக்கு வழியில்லாத ஊர். அந்த ஊர்ப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டில் முடி பின்னக் கற்றுக்கொண்டு, ஐரோப்பா முழுக்க ஊர் ஊராகப் போய், வாடிக்கையாளர் கொடுக்கும் முடியை அங்கேயே நகையாகப் பின்னிக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். கருவி ஒன்றும் பெரிதில்லை. நடுவில் ஓட்டை போட்ட வட்ட மேசை. முடியைச் சின்னச் சின்னக் கற்றையாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நுனியிலும் எடை கட்டிய மரக்கட்டையைத் தொங்கவிட்டு, மேசையைச் சுற்றிக் கற்றைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போவது. நடுவில் ஒரு கம்பியோ குழலோ இருக்கும், அதைச் சுற்றிப் பின்னல் ஏறும். முடிந்ததும் அப்படியே கொதிநீரில் போட்டு எடுத்து உலர்த்தினால் வடிவம் நின்றுவிடும். உள்ளே இருக்கும் கம்பியை உருவிவிடலாம். பெண்டாட்டி முடியில் பின்னிய கடிகாரச் சங்கிலியைக் கோட்டுப் பையில் மாட்டிக்கொண்டு திரிந்த துரைமார்கள் ஏராளம். தறியில் இழையின் இழுவிசையை விரலால் அறிகிறவருக்கு இது கைக்கு அடங்கும் என்றே நினைக்கிறேன். சிக்குமுடியைச் சேர்த்துக் கட்டிய சவுரியில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும், இழை முறுக்கிக்கொள்ளும். பொறுமை வேண்டும்.

அது முடியாது என்றால் எளிய வழி. மூன்று காலில் பூச்சி படாத ஒன்றிலிருந்து மட்டும் ஒரு விரல் கனம் எடுத்து, சாதாரணப் பின்னலாகப் பின்னுங்கள். வெள்ளைப் பருத்தித் துணி மேல் வைத்து, அங்கங்கே நூலால் தைத்துப் பிடியுங்கள். ஃபெவிகால் வேண்டவே வேண்டாம். பிரேம் போடுகிறவரிடம், கண்ணாடி முடி மேல் படாமல் நடுவில் இடைவெளிக் கட்டை வைக்கச் சொல்லுங்கள். மீதிச் சவுரி முழுசாக இருக்கட்டும்.

பலகையை அடிக்கும் முன் பின்பக்கத்தில் பென்சிலால் அம்மா பெயர், ஊர், யாருக்கு யார் என்று எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். எங்கள் நைனா காலத்திலிருந்து கடையில் படம் எதுவானாலும் இப்படித்தான். 'எங்க அம்மாவை எங்களுக்குத் தெரியாதா' என்று சிரிப்பார்கள். உங்களுக்குத் தெரியும், உங்கள் பேத்திக்கு?

*

குழந்தைக்கு ஏழாம் நாள் அகீகாவில் முடி இறக்கி, எடைக்கு வெள்ளி விலை தானம் கொடுத்தோம். முடியில் கொஞ்சம் எடுத்துவைக்கலாமா என்று என் மகள் கேட்கிறாள்.
— வாசகி, மேல்விஷாரம்

மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்பதை உங்கள் ஹஜ்ரத்திடம்தான் கேட்க வேண்டும், என் வேலை பிரேம் போடுவது. பொருளாகச் சொல்வதென்றால், ஜப்பானிலும் சீனாவிலும் குழந்தையின் முதல் முடியில் எழுதுதூரிகை செய்து, கைப்பிடியில் பெயரைப் பொறித்து வைக்கிறார்கள். கத்தி படாத முதல் முடிக்கு மட்டும்தான் நுனி இயற்கையாகக் கூராக இருக்கும். ஒருமுறை வெட்டிவிட்டால் நுனி மொட்டைதான். அதனால் அந்தத் தூரிகை ஒரு பிள்ளைக்கு ஒருமுறைதான் கிடைக்கும். ஏழாம் நாள் முடி அதற்கு நீளம் போதாது. சின்னக் காகித உறையில் போட்டு, மேலே பெயரும் பிறந்த தேதியும் எழுதினால் போதும்.

*

கொள்ளுப்பாட்டியின் ஜடை என்று ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. டிஎன்ஏ சோதனை செய்தால் அவருடையதுதானா என்று தெரியுமா?
— கல்லூரி மாணவர், காட்பாடி

வேரோடு வந்த முடி என்றால் எளிது. வெட்டிய முடித்தண்டில் முன்பெல்லாம் தாய்வழி டிஎன்ஏ மட்டும்தான் எடுக்க முடிந்தது. இப்போது அதற்கு மேலும் படிக்கிறார்கள், ஆனால் தெருமுனை லேபில் நடக்கிற காரியம் இல்லை தம்பி. இரண்டு கதை சொல்கிறேன்.

இசைமேதை பீத்தோவன் 1827இல் இறந்தபோது வந்தவர் போனவர் எல்லாம் ஒரு கொத்து முடி வெட்டிக்கொண்டு போனார்கள். அதில் மிகப் பிரபலமான ஒரு கொத்தை வைத்து, ஈய விஷம் ஏறியிருந்தது என்றெல்லாம் ஆராய்ச்சி நடந்தது. 2023இல் டிஎன்ஏ எடுத்துப் பார்த்தால், அது ஒரு பெண்ணின் முடி! வேறு ஐந்து கொத்துகள் அவருடையவை என்று முடிவானது. அடுத்த வருடம் அவற்றில் இரண்டைச் சோதித்தபோது அதிலும் ஈயம் கூடுதலாகவே இருந்தது என்பது வேடிக்கை.

இன்னொன்று எகிப்தில். 1922இல் துத்தன்காமன் கல்லறையைத் திறந்தபோது, ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த குட்டிச் சவப்பெட்டிகள் இருந்தன. கடைசிப் பெட்டிக்குள் ஒரு பின்னல் முடி, பெட்டியில் ராணி தியீயின் பெயர். துத்தன்காமனின் பாட்டி. வேறொரு கல்லறையில் பெயரில்லாமல் கிடந்த ஒரு மூதாட்டியின் மம்மி அந்தத் தியீதான் என்று முதலில் சந்தேகப்படவைத்தது இந்த முடிதான். 2010இல் டிஎன்ஏவும் அதையே சொன்னது. மூவாயிரம் வருடத்துக்கு முன் எவரோ பெட்டி மேல் பெயர் எழுதிவைத்த புண்ணியம்.

உங்கள் வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து, யார் வெட்டினார்கள், ஏன் எடுத்துவைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். செலவில்லாத சோதனை.

*

வெளிநாட்டில் இந்த முடி நகைகளுக்கு நல்ல விலையாமே? என்னிடம் ஒன்று இருக்கிறது, தந்தத் தகட்டின் மேல் முடியில் படம். விற்றுத் தருவீர்களா?
— வாசகர், அரக்கோணம்

மாட்டேன். யானைத் தந்தம் விற்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாட்டன் சொத்து என்றாலும் விற்க முடியாது. யானை முடி மோதிரம் விற்கலாமா என்று கேட்ட இன்னொரு அன்பருக்கும் இதே பதில். நூறு வருடம் தாண்டிய பழம்பொருள் என்றால், தொல்பொருள் சட்டப்படி நாமாக வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று படம் எடுத்து அனுப்புங்கள், முடியையே தபாலில் அனுப்பாதீர்கள். போன வாரம் கடைக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே முழ நீள ஜடை. கடிதமும் இல்லை, பெயரும் இல்லை. பிரித்த பையன் அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. அனுப்பியவர் வந்து அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளவும். ஞாயிறு கடை லீவு.